ஏணிக்காணம் முதல் சுவைக்கூடம் வரை: திருவனந்தபுரமும் மது வடிக்கும் இடமும்

ஒயின் ஆலைக்குச் சுற்றுலா செல்வது இந்தியாவில் மிக அண்மைக் காலத்து வழக்கம். நாசிக்கில் சூலா நிறுவனம் தன் தோட்டத்திலேயே பொதுமக்களுக்கான சுவைக்கூடத்தை 2005இல் திறந்தது. அங்கு வருபவர் முதலில் திராட்சைக் கொடிகளைப் பார்க்கிறார். பழம் நசுக்கும் பொறி, எஃகுத் தொட்டி, ஓக் மரப் பீப்பாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசியில் நான்கைந்து கோப்பைகளின் முன் அமர்கிறார். நிறத்தைப் பார்க்கவும், மணத்தை முகரவும், ஒரு மிடறை நாவில் நிறுத்தி விழுங்கவும் வழிகாட்டி சொல்லித் தருகிறார். மது பழையது, குடிப்பது அதைவிடப் புதிதல்ல. மது உண்டாகும் இடம் குடிப்பவரின் கண்ணுக்குத் திறந்துவிடப்பட்டிருப்பதே இந்த வழக்கத்தின் புதுமை.

திருவனந்தபுரத்தில் இத்தகைய வழக்கம் வேர்விடவில்லை. ஈர மண்ணில் திராட்சை செழிக்காது என்ற விடை எளிதில் கிடைக்கும். அது போதுமான விடையாகாது. ஒயினுக்குத் திராட்சைதான் வேண்டும் என்பதில்லை. அன்னாசி, வாழை, கொல்லாம்பழம், பலா, தென்னை, பனை என நொதிக்கக்கூடிய சாறு இந்த மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் சுரக்கிறது. அச்சாற்றை நொதிக்க வைக்கும் அறிவும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இங்கு இருந்துவந்திருக்கிறது. அவ்வறிவைக் கையில் வைத்திருந்தவர்களை அரசும் சமயமும் சட்டமும் எந்த இடத்தில் நிறுத்தின என்பதே இங்கு கேட்க வேண்டிய கேள்வி. அதைப் பின்தொடர்ந்தால், திருவிதாங்கூரின் மது வரலாறு மது வடிக்கும் இடத்தைப் படிப்படியாகக் கண்ணிலிருந்து மறைத்த வரலாறாகத் தெரியவரும்.

1. விழிஞ்ஞத்தின் உடைசில்கள்

திருவனந்தபுரம் நகருக்குத் தெற்கே, இன்று பன்னாட்டுச் சரக்குத் துறைமுகம் இயங்கும் விழிஞ்ஞம், ஆய் மன்னர்களின் துறைமுக நகரமாக இருந்தது. எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ் குறிப்பிடும் பலிதா என்னும் துறையை விழிஞ்ஞத்தோடு பொருத்திக் காண்போர் உண்டு. கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறை இங்கு நடத்திய அகழாய்வில் ஆம்பொரா என்னும் இருகாது மண்சாடியின் உடைசில்களும் மேற்காசியத் தொடர்பைக் காட்டும் பானைத் துண்டுகளும் வெளிப்பட்டன. ஆம்பொராவில் ஒயின் மட்டுமே வந்தது என்று கொள்வது பிழையாகும். ஆலிவ் எண்ணெயும் மீன் குழம்பும்கூட அதே வடிவச் சாடிகளில் கடல் கடந்தன. எனினும் மேற்குக் கடற்கரைக்கு ஒயின் வந்தது உறுதி. பாரிகாசாவில் இத்தாலி ஒயினுக்கே முதல் விருப்பம் என்றும், லவோதிக்கேயா, அரேபியா ஆகிய இடங்களின் ஒயினும் அங்கு விலைபோயிற்று என்றும் பெரிப்ளூஸ் கூறுகிறது. முசிறி, நெல்கிந்தா துறைகளுக்கு வந்த சரக்குகளிலும் ஒயினைச் சேர்க்கிறது. ஆனால் அதன் அளவு அதிகமில்லை என்றும் குறிக்கிறது.

அளவு குறைவு என்ற அச்சிறு குறிப்பு முக்கியமானது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த தேறலைப் பாண்டிய மன்னனுக்குப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தருவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் காட்டுகிறார். அந்த மது அரண்மனைக்குரியது. அதைச் செய்த கையையோ, பழம் விளைந்த சரிவையோ இங்கு எவரும் கண்டதில்லை. தமிழ் நிலத்துக்கு வந்த திராட்சை மது தொடக்கம் முதலே வடித்தவர் முகம் தெரியாத மதுவாக இருந்தது. தொலைவே அதன் மதிப்பைக் கூட்டியது.

2. பயணம் செய்யாத மது

உள்ளூர் மது இதற்கு நேர் எதிரானது. தென்னம்பாளையையோ பனம்பாளையையோ கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாக அரிந்தால் சாறு கலயத்தில் சொட்டத் தொடங்குகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு நொதிக்காமல் பதநீராக நிற்கும். கன்னியாகுமரி வட்டாரத்தார் அதை அக்கானி என்பர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் உடனே வேலையைத் தொடங்குகின்றன. சில மணி நேரத்தில் அது கள்ளாகிறது; அதன் ஆல்கஹால் அளவு பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு வரை அமைகிறது. ஒரு நாள் கடந்தால் புளிப்பேறிக் காடியை நோக்கிச் செல்கிறது.

இவ்வேதியியலுக்குச் சமூகப் பொருளும் உண்டு. கள் இயல்பில் பயணம் செய்யாது. பீப்பாயில் அடைபட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்காது. மரத்திலிருந்து இறங்கிய இடத்துக்கு அருகிலேயே, இறங்கிய நாளிலேயே அதைக் குடித்தாக வேண்டும். ஆகவே கள் குடித்தவருக்கு மரமும் தெரியும், ஏறியவரும் தெரிவார், எந்த வேளையில் இறக்கியது என்பதும் தெரியும். காலைக் கள்ளின் இனிப்புக்கும் அந்திக் கள்ளின் காரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நா அறிந்திருந்தது. இன்றைய சுவைக்கூடம் கட்டணம் பெற்றுக்கொண்டு அளிக்கும் அனுபவம், அதாவது செய்பவரையும் செய்யும் இடத்தையும் நேரில் கண்டு சுவைப்பது, இங்கு அன்றாட நடைமுறையாக இருந்தது.

பழந்தமிழின் சொல்வளம் இதற்குச் சான்றாகும். கள், நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி எனப் பல சொற்கள் சங்க இலக்கியத்தில் வழங்குகின்றன. தேறல் தெளிந்தது. பிழி பிழிந்தெடுத்தது. தோப்பி நெல்லிலிருந்து வீட்டில் ஆக்கியது. இப்பெயர்கள் மூலப்பொருள், செய்முறை, தெளிவு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டவை. சுவைப்பவரின் கண்ணும் நாவுமே இவ்வகைப்பாட்டைச் செய்திருக்கின்றன. பின்னாளில் இதே பொருள்களை வரி அலுவலகம் வகைப்படுத்தியபோது அளவுகோல் முற்றிலும் மாறியது.

3. செப்பேட்டில் ஓர் ஏணி

மரம் ஏறியவர் மீது அரசின் கண் எப்போது விழுந்தது என்பதற்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று தரிசாப்பள்ளிச் செப்பேடு. கி.பி. 849இல் வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துக் கிறித்தவப் பள்ளிக்கு வழங்கிய உரிமைகளை அது பதிவு செய்கிறது. வட்டெழுத்தில் அமைந்த அச்சாசனத்தில் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிகள் கையொப்பமிட்டிருக்கின்றனர். கடல் வணிக வரலாற்றாய்வாளர் பெரிதும் விவாதித்த ஆவணம் அது. மது வரலாற்றை ஆராய்பவருக்கு அதில் வேறொரு வரி முதன்மையாகப் படும். பள்ளிக்கு உரியவராக ஈழவர் குடிகள் கொடுக்கப்படுகின்றன. அவர்களிடமிருந்து தளைக்காணமும் ஏணிக்காணமும் தண்டுதல் கூடாது என விலக்கு அளிக்கப்படுகிறது.

தளை என்பது மரமேறுவோர் காலில் மாட்டும் கயிற்று வளையம். ஏணி என்பது ஏறும் கருவி. இவ்விரண்டின் பெயராலும் வரி இருந்திருக்கிறது. விலக்கு தனியே குறிக்கப்பட்டதிலிருந்து, விலக்குப் பெறாத குடிகள் அவ்வரியைச் செலுத்திவந்தனர் என்று உணரலாம். கள்ளின் அளவுக்கோ விலைக்கோ வைக்காமல், மனிதன் மரத்தில் ஏறும் செயலுக்கே காணம் வைத்த முறை அது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டின் அரசு மரமேறியைக் கண்டது, பெயரிட்டது, அவனது கருவியையும் பெயரிட்டது. அவன் வேலை செய்யும் இடத்தை அது மறைக்கவில்லை. அதிலிருந்து பங்கு மட்டும் கேட்டது.

4. பலிபீடத்துக்கு ஒரு சாடி

அதே செப்பேட்டின் மறுபக்கத்தில் நிற்பது கிறித்தவப் பள்ளி. வழிபாட்டுக்குத் திராட்சை மது இன்றியமையாதது. மலையாளக் கரையிலோ திராட்சைத் தோட்டமில்லை. உலர் திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைப் பயன்படுத்தியே மார்தோமா கிறித்தவர்கள் இக்குறையை நிரப்பினர். 1599இல் உதயம்பேரூரில் கூடிய சங்கம் இதனை ஏற்கவில்லை. திராட்சையிலிருந்து முறைப்படி வடித்த ஒயினே வேண்டும் என்று வற்புறுத்தியதோடு, ஆண்டுதோறும் ஒயின் அனுப்பிவைக்குமாறு போர்ச்சுகல் மன்னரை வேண்டிக்கொள்ளவும் அது முடிவு செய்தது.

உலர் திராட்சையை ஊறவைப்பது உள்ளூர்க் கையின் தீர்வு. அது செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, புனிதத்துக்குரிய மது தொலைவிலிருந்துதான் வர வேண்டும் என்ற எண்ணம் மறுபடி நிலைபெற்றது. பிற்காலத்தில் மறைமாவட்டங்கள் தம் தேவைக்கான ஒயினை அரசின் தனி உரிமத்துடன் கேரளத்திலேயே வடிக்கத் தொடங்கின. அதற்கெனத் தனி விதிகளும் வகுக்கப்பட்டன. அவ்வகையில் கேரளத்தில் சட்டப்படி ஒயின் வடித்த இடங்கள் நெடுங்காலமாக இருந்துவந்துள்ளன. ஆனால் அவை வழிபாட்டுத் தேவைக்கு மட்டும் உரியவை. பொதுமக்கள் சென்று காணவோ சுவைக்கவோ ஏற்பட்டவை அல்ல.

5. அப்காரி என்னும் சொல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காட்சி அடியோடு மாறுகிறது. சென்னை மாகாணத்தில் அப்காரிச் சட்டம் 1886இல் வந்தது. திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் அதன் சாயலில் சட்டங்கள் தொடர்ந்தன. கொச்சியின் சட்டம் கொல்லம் ஆண்டு 1077இன் முதல் சட்டம். கிறித்தவ ஆண்டுக் கணக்கில் 1902. கேரள மாநிலம் அமைந்த பின், 1967இல், அந்தக் கொச்சிச் சட்டமே மாநிலம் முழுமைக்கும் விரிக்கப்பட்டது. இன்று திருவனந்தபுரத்தில் மது தொடர்பாக நடக்கும் எந்த வழக்கும், கொச்சி மன்னர் ஒப்பமிட்ட சட்டத்தின் கீழ்தான் நடக்கிறது.

இச்சட்டங்களின் உயிர்நாடி உற்பத்தி என்னும் சொல்லுக்கு அவை தந்த பொருளில் இருக்கிறது. மதுவைத் தோற்றுவிக்கும் எந்தச் செயலும், அது மனிதன் செய்ததாயினும் இயற்கையாக நிகழ்ந்ததாயினும், உற்பத்தியாகவே கொள்ளப்படும். சாறு தானே நொதிக்கிறது என்ற வாதம் இனி நிற்காது. கலயத்தில் நுண்ணுயிர்கள் செய்யும் வேலையும் அரசின் அனுமதிக்கு உட்பட்டது. இயற்கை நிகழ்வு ஒன்றை முற்றுரிமையாக மாற்றிய இந்த ஒரே வரையறை, முற்றத்துத் தென்னையையும் அடுக்களைச் சாடியையும் ஆயத்துறையின் எல்லைக்குள் கொண்டுவந்தது.

மது வருவாய் திருவிதாங்கூர் அரசின் முதன்மையான வருவாய் இனங்களுள் ஒன்றாயிற்று. 1906இல் வி. நாகமய்யா தொகுத்த திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவலும், 1940இல் டி.கே. வேலுப்பிள்ளை தொகுத்ததும் நில வரி, உப்பு, சுங்கம் ஆகியவற்றுக்கு இணையாக அப்காரிக்கு இடமளிக்கின்றன. கடைகளை ஏலம் விடுவது வழக்கமானது. ஏலம் எடுப்பவர் முதலாளி; மரம் ஏறுபவர் கூலியாள். மரத்துக்கும் கோப்பைக்கும் நடுவே உரிமம், ஏலம், குத்தகை, காவல் என நான்கு அடுக்குகள் புகுந்தன. குடிப்பவர் இனிச் சந்திப்பது கடைக்காரரை. மரமேறியின் முகம் பின்னுக்குச் சென்றது.

மொழியும் உடன் மாறியது. தேறல், நறவு, பிழி என்று நா பிரித்ததை, கள், நாட்டுச் சாராயம், அயல்நாட்டு மது என்று வரி பிரித்தது. இந்தியாவில் தயாரான அயல்நாட்டு மது என்ற விந்தையான தொடர் இவ்வகைப்பாட்டின் உச்சம். சுவையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. எந்தப் பதிவேட்டில் எந்தப் பத்தியில் எழுத வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. ஒரு சமூகம் தன் பானத்தைச் சுவையால் பெயரிடும் பழக்கத்தை இழந்தால், அதைச் செய்தவரின் திறனை அளக்கும் அளவுகோலையும் இழந்துவிடுகிறது.

6. செம்பழந்தியிலிருந்து ஒரு மறுப்பு

இவ்விடத்தில் கள்ளின் இழந்த பெருமையைப் பாடுவதோடு நின்றுவிட்டால் வரலாறு பாதியாகிவிடும். மதுவுக்கு எதிரான வலிமையான குரல் எழுந்தது, அதை வடிக்கும் வேலை எந்தச் சமூகத்தின் மீது பரம்பரையாகச் சுமத்தப்பட்டதோ அந்தச் சமூகத்திலிருந்துதான். இன்றைய திருவனந்தபுரம் நகர எல்லைக்குள் அடங்கும் செம்பழந்தியில் பிறந்தவர் நாராயண குரு. 1888இல் நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புரத்தில் சிவலிங்கம் நிறுவிச் சாதி வரம்பை மீறியவர், பின்னர் மதுவை ஆக்குதலும் கொடுத்தலும் குடித்தலும் கூடாது என மூன்றையும் ஒருங்கே விலக்கினார். குடிப்பவரைக் கண்டிப்பது எல்லாச் சமயங்களுக்கும் பொதுவானது. ஆக்குதலை முதலில் வைத்ததே குருவின் தனித்தன்மை.

காரணம் தெளிவானது. அவரைப் பின்பற்றியவர்களில் பலர் கள் இறக்கியே பிழைத்தனர். அவர்களுக்கு மது என்பது குடிப்பழக்கம் மட்டுமன்று. பிறப்பால் விதிக்கப்பட்ட தொழில், அத்தொழிலால் ஒட்டிய இழிவு. கள் இறக்கும் கத்தியை நான்காக வெட்டினால் நான்கு சவரக் கத்திகள் கிடைக்கும், அதைக் கொண்டு இதைவிட மதிப்பாகப் பிழைக்கலாம் என்று குரு கூறியதாக ஒரு செய்தி கேரளத்தில் பரவலாக வழங்குகிறது. 1903இல் தோன்றிய ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமும், அடுத்த தலைமுறையில் டி.கே. மாதவன் நடத்திய மதுவிலக்குப் பிரச்சாரமும் இந்த எண்ணத்தை ஊரூராக எடுத்துச் சென்றன. அப்காரி ஏலத்தில் பொருள் சேர்த்த ஒரு சிறு பகுதியினரும் அதே சமூகத்துக்குள் இருந்தனர் என்பது இயக்கத்தின் உள்முரணாக நீடித்தது.

ஆகவே கைவினை என்னும் சொல்லை இங்கு எளிதாகப் பயன்படுத்த முடியாது. நாசிக்கில் ஒயின் வடிப்பவர் அத்தொழிலைத் தேர்ந்தவர். திருவிதாங்கூரில் மரமேறியவர் தேர்ந்தவரல்லர். கூலி நாளில் கடை வாசலில் காத்து நின்ற பெண்களின் துயரமும் குருவின் மறுப்புக்குப் பின்னால் இருந்தது. செய்யும் இடத்தைத் திறந்து காட்டுவதால் இக்கணக்கு தீர்ந்துவிடாது.

7. மருந்துச் சாலையில் ஒளிந்த ஒயின்

எனினும் நொதித்தல் அறிவு மறையவில்லை. மதிப்புள்ள வேறொரு பெயரில் தொடர்ந்தது. ஆயுர்வேதத்தின் ஆசவமும் அரிட்டமும் நொதித்தலால் உண்டாகும் மருந்துகள். திராட்சாசவம் என்பது திராட்சையை இனிப்போடும் தாதகிப் பூவோடும் சாடியில் அடைத்து வாரக்கணக்கில் நொதிக்க வைத்து எடுப்பது. இதில் தானாகவே ஆல்கஹால் உண்டாகிறது. செய்முறையின் நோக்கில் அது மருந்துச் சரக்குகள் சேர்ந்த ஒயின். திருவிதாங்கூர் அரசு 1889இல் திருவனந்தபுரத்தில் ஆயுர்வேத பாடசாலையைத் தொடங்கியபோது இவ்வறிவு பாடத்திட்டத்துக்குள் வந்தது. அதே பத்தாண்டுகளில்தான் முற்றத்துச் சாறு நொதிப்பது உரிமமின்றிக் குற்றமாகும் சட்டங்களும் உருப்பெற்றன.

ஒரே வேதியியல் மூன்று வாசல்களில் மூன்று தகுதி பெற்றது. பலிபீடத்தில் அது புனிதம், மருந்துச் சாலையில் சாத்திரம், கள்ளுக்கடையில் இழிவு. சாடிக்குள் நிகழ்ந்தது ஒன்றே. சாடியை யார் வைத்திருந்தார் என்பதே வேறுபாட்டை உண்டாக்கியது.

8. எல்லைக்கோடும் நெடுஞ்சாலையும்

1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தென்பகுதியான தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதுவரை ஒரே அப்காரி ஆட்சியின் கீழிருந்த மரங்கள், களியக்காவிளையில் விழுந்த எல்லைக்கோட்டால் இரு சட்டங்களுக்குள் பிரிந்தன. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் தடை செய்யப்பட்டது. கேரளத்தில் அது உரிமம் பெற்ற தொழிலாகத் தொடர்ந்தது. களியக்காவிளைக்குக் கிழக்கே கலயத்தில் சுண்ணாம்பு இல்லையென்றால் வழக்கு. மேற்கே, உரிமம் இருந்தால், அதே கலயம் தொழில். கள் இறக்குவோருக்குக் கேரளம் 1969இல் நலநிதிச் சட்டம் இயற்றியது. எல்லையின் மறுபுறத்துப் பனையேறியின் திறனில் பாதி சட்டத்துக்குப் புறம்பானது.

கேரளத்துக்குள்ளும் கள்ளின் இயல்பு தலைகீழானது. தென் மாவட்டங்களில் மரமேறுவோர் குறைந்ததால், கடைகளுக்கான கள் பாலக்காட்டின் சிற்றூர் வட்டத்திலிருந்து அனுமதிச் சீட்டுடன் வண்டியேறத் தொடங்கியது. சிற்றூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே சாலைவழித் தொலைவு சுமார் 300 கிலோமீட்டர். இறங்கிய இடத்தில் இறங்கிய நாளில் குடிக்க வேண்டிய பானம், யவனர் சாடியைப் போலப் பயணம் செய்யலாயிற்று. கலப்படம் பற்றிய ஐயம் கள்ளுக்கடையின் நிழலாக ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. மரத்தைக் காணாதவருக்கு கலயத்தை நம்ப வழியில்லை.

மறைவின் கொடிய விளைவு சாராயத்தில் வெளிப்பட்டது. 1996 ஏப்ரல் 1 முதல் கேரளத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. குடிமுறையைத் தடை அழிக்கவில்லை. வடிக்கும் இடத்தை நிலத்தடிக்குத் தள்ளியது. 2000 அக்டோபரில் திருவனந்தபுரத்துக்கு அண்மையில், கொல்லம் மாவட்டத்துக் கல்லுவாதுக்கலிலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 31 பேர் இறந்தனர், பலர் பார்வையிழந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். தாம் குடித்தது எங்கு, எதிலிருந்து, எவரால் உண்டாக்கப்பட்டது என்பதை அறியும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்ததில்லை. உற்பத்தி இடம் கண்ணுக்குத் தெரிவது சுற்றுலாப் பயணியின் பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதற்கு இந்த இறப்புகளைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

9. 2022இன் புதிய விதிகள்

கேரளக் கிறித்தவ வீடுகளில் கிறிஸ்துமசுக்கென ஒயின் ஊறவைப்பது பழைய வழக்கம். பீங்கான் பரணியில் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், சிறிது கோதுமை, பட்டை, கிராம்பு சேர்த்து வாய்கட்டி வைப்பர். 2019 டிசம்பரில் ஆயத்துறை உரிமமின்றி வீட்டில் ஒயின் வடிப்பது அப்காரிக் குற்றமாகும் என எச்சரித்தபோது பலரும் திகைத்தனர். சட்டத்தில் புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை. 1902இன் வரையறை அடுக்களை வரை நீள்கிறது என்பது அன்றுதான் பொதுவெளியில் தெரிந்தது. உரிமமற்ற மது உற்பத்திக்கு அச்சட்டம் 10 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2022இல், கேரள அரசு சிறு அளவு ஒயின் ஆலைகளுக்கான விதிகளை வெளியிட்டது. மாநிலத்தில் விளையும் பழங்களிலிருந்தும் பிற தோட்ட விளைபொருள்களிலிருந்தும் ஒயின் வடிக்க அவை வழிவகுத்தன. கேரள வேளாண் பல்கலைக்கழகம் அன்னாசி, வாழை, கொல்லாம்பழம் ஆகியவற்றிலிருந்து வடித்த ஒயினுக்கு நிளா என்று பெயரிட்டது. நிளா பாரதப்புழையின் மறுபெயர். கண்ணூர் மாவட்டத்தில் கொல்லாம்பழத்திலிருந்து ஃபெனி வடிக்க ஒரு கூட்டுறவு வங்கி முன்வந்தது. கோவாவின் ஃபெனி 2009லேயே புவிசார் குறியீடு பெற்றிருந்தது. போர்ச்சுகீசியர் கொண்டுவந்த அம்மரத்தின் கொட்டையால் கொல்லம் உலகப் பெயர் பெற்றது. கொட்டையை எடுத்த பின் பழம் மரத்தடியில் அழுகியது. அழுகுவதும் நொதிப்பதும் ஒரே பாதையின் இரு கட்டங்கள். நடுவே கை வைக்கத்தான் சட்டம் இடம் தரவில்லை.

இப்புதிய விதிகளை வேளாண் பொருளியல் நோக்கில் பாராட்டுவது எளிது. வரலாற்று நோக்கில் வேறு ஐயம் எழுகிறது. அன்னாசி ஒயின் வடிக்கும் பட்டதாரி தொழில்முனைவோர் எனப்படுகிறார். அவரது கூடத்துக்கு விருந்தினர் வருவர். பாளை சீவுபவர் இன்னும் தொழிலாளி என்றே எழுதப்படுகிறார். அவரது மரத்தடிக்கு ஆய்வாளர் வருகிறார். 849இல் தளைக்கும் ஏணிக்கும் காணம் கேட்ட பார்வையும், 1902இல் இயற்கை நொதித்தலை உற்பத்தி என்று வரையறுத்த பார்வையும் புதிய பெயர்ப்பலகைக்குப் பின்னால் தொடர்வதற்கு இடமுண்டு. கலயத்துக்கும் கோப்பைக்கும் இடையிலான சாதித் தொலைவு, பழத்தை மாற்றியதால் குறைந்துவிடாது.

நெய்யாற்றின்கரையிலோ வெள்ளாயணியிலோ ஒரு சிறு ஆலை எழுந்து, பார்வையாளர் வரிசையில் நின்று சுவைக்கும் நாள் வரலாம். அங்கு ஓக் பீப்பாயின் கதையைச் சொல்லிக் கொடுக்க நாசிக்கின் முன்மாதிரி போதும். தளையையும் பாளை அரிவாளையும் சுண்ணாம்புக் கலயத்தையும் அதே கூடத்தில் வைத்து, அவற்றின் பெயர்களை அவற்றைக் கையாண்டவர்களின் வாயாலேயே சொல்ல வைப்பது கடினமான வேலை. ஆக்குதலை முதலில் விலக்கிய குருவின் மறுப்பையும் அதே சுவரில் எழுத வேண்டியிருக்கும். மரமேறியின் பேரப்பிள்ளைகள் அக்கூடத்துக்குப் பணியாளராக அன்றி உரிமையாளராக வருவார்களா என்ற வினாவுக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கும். விழிஞ்ஞத்து உடைசில்களில் ஒயின் ஊற்றியவரின் பெயர் இல்லை. தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் ஏணியின் பெயர் உண்டு, ஏறியவரின் பெயர் இல்லை. இனி எழுதப்படும் உரிமச் சீட்டுகளில் எவர் பெயர் இடம்பெறுகிறது என்பதைக் கொண்டே இந்த மாற்றத்தை அளவிட வேண்டும்.